புற்றரையின் விலை

இங்கிலாந்தின் தென்பால் சஸ்ஸெக்ஸ் பகுதியிலே சுண்ணாம்புப் பாறையாலாகிய தாழ்ந்த குன்றுகள் அலையலையாய் நீண்டு கிடக்கின்றன. ஆங்கிலேயர் அவற்றை ‘டவுன்ஸ்’ என்பர். பெய்த மழை பாறையினூடே விரைந்து வடிந்துவிடும், மண்ணோ மெலிந்தது, பல நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்து வந்தமையால் புல் குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். 1887இல் ஈஸ்ட்போர்னில் கோல்ப் கழகம் அமைத்தவர்களுக்குப் பாதி வேலையை மழையும் ஆடுகளும் முன்னமே செய்து வைத்திருந்தன.

இவ்வாட்டத்தின் தாயகம் ஸ்காட்லாந்து. வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறென்று 1457இல் அந்நாட்டுப் பாராளுமன்றமே இதனைத் தடை செய்தது. பிற்காலத்தில் பிரிட்டிஷார் சென்றவிடமெல்லாம் இதுவும் உடன் சென்றது. 1829இல் கல்கத்தாவில் கழகம் தோன்றியது. நமது பினாங்கில், 1864இல் நிறுவப்பெற்ற குதிரைப் பந்தயக் கழகம் 1939இல் பத்து காந்தோங்கிற்கு இடம் மாறியது. அங்கே பந்தயப் பாதையோடு கோல்ப் திடலும் அமைந்தது.

ஆனால் ஆட்டத்தைக் கப்பலேற்றலாம். குன்றையும் குளிரையும் ஏற்ற இயலுமோ? இங்கே பன்னிரு மாதமும் வெயிலும் மழையும். ஒரு வாரம் கைவிட்டால் புல் உயர்ந்துவிடும், லாலாங் தலைகாட்டும். அங்கே ஆடு செய்ததை இங்கே மனிதன் செய்ய வேண்டும்: வெட்ட வேண்டும், நீர் வடிக்க வேண்டும், உரமிட வேண்டும், களைக்கொல்லி தெளிக்க வேண்டும். அத்தெளிப்புத் தொழில் உடலுக்குச் செய்யும் கேட்டினைத் தோட்டத்துப் பெண்மணிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நிலத்தின் கணக்கோ இன்னும் கசப்பானது. பதினெட்டுக் குழித் திடலொன்றுக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் வேண்டும். 1980களிலும் 1990களிலும் இந்நாட்டில் பால்மரத் தோட்டங்கள் பல விற்கப்பட்டு வீட்டுமனைகளாயின. சில கோல்ப் திடல்களாயின. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை காடழித்து மரம் வளர்த்தவர், மரம் வீழ்ந்த அன்றே வீடற்றவராயினர். கோயிலும் தமிழ்ப் பள்ளியும் இடம் தேடி அலைந்தன.

இந்நிலையிற்றான் 1993 ஏப்ரல் 26 முதல் 28 வரை ஆசிய பசிபிக் நாடுகளைச் சேர்ந்த இயக்கத்தினர் பினாங்கிலே கூடினர். மறுநாள் ஏப்ரல் 29ஐ ‘கோல்ப் இல்லா நாள்’ எனக் கொண்டு, உலகளாவிய எதிர்ப்பியக்கம் ஒன்றினைத் தொடங்கினர். புதிய திடல்களை உடனே நிறுத்துக, உள்ளவற்றைப் பொதுப் பூங்காக்களாக்குக என்பன அவர்தம் கோரிக்கைகளுள் சில. பினாங்கில் எழுந்த அக்குரலை நம்மவருள் எத்துணைபேர் அறிவர்?

ஆட்டத்தின்மேல் நமக்குப் பகையில்லை. உழைத்தவர் ஓடியாடி இளைப்பாறுவதும் உரிமையே. ஆயின் ஒருவர் பந்தடிக்கும் பசுமைக்காக மற்றொருவர் வீடிழப்பாராயின், அப்பசுமையை அழகென்று எவ்வாறு அழைப்போம்? ஒரு திடலைக் காணும்போது அதன் புல்லை மட்டும் காணாதீர்கள். அங்கே முன்பு வாழ்ந்தவர் யார், இப்போது எங்கே உள்ளார் என்று கேளுங்கள். அவ்வினாவை ஊரார் ஒன்றுகூடிக் கேட்கும் நாளில்தான் நிலத்தின் மீது உழைத்தவர்க்குள்ள உரிமை பேசப்படும்.