திருகோணமலைப் புறநகரில் கைபேசிச் சேவை: கோபுர எண்ணிக்கைக்கு அப்பால்

கைபேசிச் சேவை குன்றினால் கோபுரம் போதவில்லை என்பது வழக்கமான விளக்கம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வளரும் குடியிருப்புகளுக்கு அது பாதி விளக்கமே. கோபுரம் எத்தகைய நிலவடிவத்துக்காகத் திட்டமிடப்பட்டது, சேவை எங்கே நின்று அளக்கப்படுகிறது என்பவற்றையே முதலில் கேட்கவேண்டும். உட்துறைமுகத்துக்கும் திறந்த கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நகரம் வட்டமாகப் பெருக இடமில்லை. ஆகவே வடக்கே உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என வீதியைப் பற்றிக்கொண்டு நீண்டது. மேற்கே கன்னியாப் பக்கம் குன்றுகளை அண்டியது. தெற்கே, 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தபின், படகுப்பாதையை நம்பியிருந்த கிண்ணியாவும் நகரின் அன்றாட வாழ்வுக்குள் வந்தது.

பொதுவாக ஒரு கோபுரத்தில் அன்ரனாக்கள் 120 பாகை இடைவெளியில் மூன்று திசை நோக்கி அமையும். நாற்புறமும் வீடுள்ள ஊருக்கு அது சரி. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் கிடக்கும் நிலாவெளிக் கரையில் இவ்வமைப்பு அலைச்சக்தியின் கணிசமான பங்கை நீர்ப்பரப்புக்கே அனுப்பும்; வீதியின் இரு திசைகளையும் நோக்கிய ஒடுங்கிய கற்றைகள் கூடுதல் வீடுகளை எட்டும். அலைவரிசையும் இதே அளவு முக்கியம். தடையற்ற வெளியில், ஒரே தூரத்தில், 900 மெகாஹேர்ட்ஸில் கிடைக்கும் வலுவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே 2600இல் கிடைக்கும். சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் அதையும் குறைக்கும். 4ஜி கைபேசி பொதுவாக 0.2 வாற் அளவிலேயே திருப்பி அனுப்ப வல்லது. எனவே கோபுரத்தின் அலை வீட்டுக்குள் வந்தாலும் வீட்டிலிருந்து போகும் அலை கோபுரத்தை எட்டாமற் போகலாம். திரையில் சிக்னல் கோடுகள் தெரியும். இணையவழி வகுப்பில் பிள்ளை சொல்லும் பதில் ஆசிரியரைச் சேராது. கொவிட் பெருந்தொற்றின்போது பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில் இலங்கை மாணவர் சிலர் சிக்னல் தேடிக் குன்றேற நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.

கடல்மேல் போகும் அலை வீணல்ல, மீனவருக்கு அது உயிர்காப்பு என்ற மறுப்பு வலுவானது. அதைப் புறந்தள்ளும் எந்தத் திட்டத்தையும் ஏற்கமுடியாது. ஆனால் கடலுக்கு வேண்டியது எட்டும் தூரம். குடியிருப்புக்கு வேண்டியதோ, இரவில் வீடெங்கும் காணொளி ஓடும்போதும் தாங்கும் கொள்ளளவு. உயர்ந்த குன்றில் 900 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் நிலையம் முதலாவதையும், வீதியோரத்துத் தாழ்ந்த நிலையங்கள் இரண்டாவதையும் கவனிக்கலாம். 2025இல் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை போதாதா என்பாரும் உண்டு. தனிக் கருவி வாங்க இயன்ற விடுதிக்கு அது உதவும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது எட்டாத விலை.

செலவு என்ற மறுப்புக்குப் பகிர்வே பதில். 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தபின் டயலொக், மொபிடெல், ஹட்ச் என மூன்று கைபேசி வலையமைப்புகளே எஞ்சின. வீடுகள் ஐதான வீதிமுனைகளில் மூன்று கோபுரங்கள் எதற்கு? ஒன்றிலேயே மூவரும் அன்ரனா பொருத்தலாம். போட்டி குன்றும் என்ற அச்சம் நகர மையத்துக்குப் பொருந்தும். எவருடைய சேவையும் ஒழுங்காக எட்டாத இடத்தில் குன்றுவதற்குப் போட்டியே இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதிப்பத்திர நிபந்தனையில் சேவை எட்டும் மக்கள்தொகை விழுக்காட்டோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் இரவு 7 முதல் 10 மணிவரை வீட்டுக்குள் கிடைக்கவேண்டிய பதிவேற்ற வேகத்தையும் எழுதவேண்டும். அளவீட்டு முடிவுகளைப் அந்தந்தப் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும்.