பேனாக்கத்தி கூறும் வரலாறு

பதுளை நகருக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது சிகரம் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். அம்மலைச் சாரலிலுள்ள தோட்டமொன்றினின்று நம் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு சிறு கத்தியொன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு; மடங்கும் அலகுகள் இரண்டு; மான்கொம்புப் பிடி. “எங்கள் பூட்டனாரின் தகப்பனார் கோப்பிக்காலத்தில் துரையிடம் பெற்றது, ஐயா” என்றார். அக்கூற்று பொருந்துமா என ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் பெயரை நோக்குவோம். மடங்கும் கத்தியை நம்மவர் வில்லுக்கத்தி என்றும் பேனாக்கத்தி என்றும் வழங்குவர். முன்னைய பெயர் பிடியினுள்ளே கிடந்து அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்தும் உருக்கு வில்லால் வந்தது. பின்னைய பெயர் எழுத்துத் தொழிலால் வந்தது. இரும்பு முள் பெருகுமுன் மேனாட்டார் வாத்தின் இறகைச் சீவி, அதன் நுனியை மையில் தோய்த்து எழுதினர். இறகு தேயுந்தோறும் சீவுதற்குச் சட்டைப்பையில் ஒரு சிறு கத்தி வேண்டியிருந்தது. இறகுப் பேனா வழக்கொழிந்த பின்னும் கத்தியின் பெயர் நிலைத்துவிட்டது.

தமிழரிடையேயும் இதற்கு ஒப்பான கருவி இருந்தமை மாணவர் பலர் அறியாத செய்தி. பனையோலையில் எழுதிய நம் முன்னோர் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என எழுத்தாணியை வகுத்திருந்தனர். இவற்றுள் மடக்கெழுத்தாணி பிடியினுள் மடங்குவது. ஓலையை வாருதற்குரிய கத்தியும், எழுதுதற்குரிய ஊசியும் ஒரே கருவியில் அமைந்தன. ஆகவே இறகு சீவும் கத்தியும் ஓலை வாரும் கத்தியும் ஒன்றையொன்று அறியாமலே, எழுதுவோன் தேவையினின்று பிறந்த இரு கருவிகள் எனலாம். நம் வீட்டுப் பழம் பெட்டிகளில் மடங்கும் இரும்புக் கருவி ஏதேனும் அகப்படின், அதனை உடைந்த பேனாக்கத்தி என வீசிவிடாது, ஊசிமுனை உண்டா என நோக்குதல் வேண்டும்.

இரும்புத் தொழிலும் இந்நாட்டுக்குப் புதியதன்று. ஊவாவுக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையாலே எரிந்த பழைய இரும்புலைகளைக் கில் யூலெஃப் என்னும் ஆய்வாளர் அகழ்ந்து, 1996இல் உலகறியச் செய்தார். கண்டி நாட்டுக் கம்மாளர் செய்த வேலைப்பாடமைந்த கத்திகளும் சிறப்புடையவை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், அக்கைவினை மரபினை ஆராய்கின்றது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. பின்னர் மலைநாடெங்கும் கோப்பி பரவியது. அக்கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலிற் காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயாம். அடுத்த இருபதாண்டுகளுள் கோப்பி வீழத் தேயிலை அதன் இடத்தைக் கொண்டது. தோட்டத்திலே கத்தி இருவகைப்பட்டது. கவ்வாத்துக் கத்தி தொழிலாளி கையிலிருந்தது; அது தேயிலைச் செடியின் முதிர்ந்த கிளையை வெட்டுவது, மடங்காதது. பேனாக்கத்தியோ கணக்கு எழுதுவோர்க்கு உரியது. அது கூராக்கிய பென்சிலே ஒருவருக்கு முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா எனச் செக்ரோலிற் குறித்தது. வெட்டும் கத்தியினும் எழுதும் கத்திக்கே தோட்டத்தில் வலி மிகுதி என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, கத்தியின் காலத்தைத் துணியும் முறையைக் காண்போம். அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியிலே செய்தோர் தம் குறியைப் பொறிப்பர். அதுவே கத்தியின் பிறப்புச் சாட்சி. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே கத்தி செய்வோர் சங்கம் 1624இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது; குறிகளை வழங்குவதும் காப்பதும் அதன் கடமை. நட்சத்திரமும் மோல்டாச் சிலுவையும் ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனத்தின் குறி. ஐ எக்ஸ் எல் என்னும் மூன்றெழுத்து வோஸ்டன்ஹோம் நிறுவனத்தின் குறி. பின்னது “யான் விஞ்சி நிற்கிறேன்” என்னும் ஆங்கிலத் தொடரின் ஒலியைத் தருவது.

முடியுடன் பொறிக்கப்பெற்ற அரச எழுத்துக்கள் பெரிதும் உதவுவன. வி. ஆர். எனின் விக்டோரியா அரசியாரின் காலம், 1837 முதல் 1901 வரை. ஆனால் ஜி. ஆர். என்பது 1830க்கு முற்பட்ட ஜோர்ஜ் மன்னரையும், 1910க்கும் 1952க்கும் இடையில் ஆண்ட ஜோர்ஜ் மன்னர் இருவரையும் குறிக்கலாம். இ. ஆர். என்பது 1901 முதல் 1910 வரை ஆண்ட ஏழாம் எட்வேர்டையோ, 1952இல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் எலிசபெத்தையோ குறிக்கலாம். ஆகவே ஒரு குறியை மட்டும் கொண்டு முடிவுகூறல் பிழை.

பிற சான்றுகளும் உள. யேர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் ஷெபீல்டின் பெயரைப் பொய்யாகத் தாங்கி வந்தமையால், 1887இல் பிரித்தானியா வணிகக் குறிச் சட்டத்தை இயற்றிற்று. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் நாட்டின் பெயரை வேண்டிற்று. இவற்றின் பின்னரே கத்திகளில் நாட்டுப்பெயர் பெருவழக்காயிற்று. துருவேறா உருக்கினை ஷெபீல்டில் ஹரி பிரியர்லி 1913இல் கண்டார். அச்சொல் பொறித்த அலகு அதற்கு முற்பட்டதாதல் இயலாது. விக்டோறினொக்ஸ் என்னும் சுவிற்சர்லாந்துப் பெயர் 1921இலேயே தோன்றியது. இவ்விதிகளெல்லாம் கத்தி எந்த ஆண்டுக்கு முற்பட்டதாகாது என்பதையே காட்டும். எந்த ஆண்டுக்குப் பிற்பட்டதாகாது என்பதைக் காட்டமாட்டா. பழைய அச்சைப் பட்டறையார் பின்னும் வழங்கியிருத்தல் கூடும்.

மாணவர் கொணர்ந்த கத்தியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினேன். சிறிய அலகிலே ‘ஷெபீல்ட்’, ‘இங்கிலாந்து’ என்னும் சொற்களும் துருவேறா உருக்கென்னும் குறிப்பும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே அது கோப்பிக்காலத்ததன்று; 1913க்குப் பிற்பட்டது. பெரிய அலகில் முடியின் உருவம் மட்டும் தேறிற்று. அதன் இருபுறத்து எழுத்துக்களும் தேய்ந்திருந்தன. ஜி. ஆர். எனத் தெளியின் 1952க்கு முந்தியதாதல் பெரிதும் பொருந்தும், இ. ஆர். எனத் தெளியின், துருவேறா உருக்காதலால் ஏழாம் எட்வேர்டின் காலம் விலகி, எலிசபெத்தின் காலமே பெரிதும் பொருந்தும். இவ்வெழுத்துக்கள் எவ்வாறு அழிந்தன என வினவினேன். மாணவர் தலைகுனிந்தார். என்னிடம் காட்டுமுன் பளபளப்பாக வேண்டுமென்று முதல்நாள் இரவு உப்புத்தாளால் தேய்த்தாராம். பல்லாண்டு காத்திருந்த சான்று ஓர் இரவில் அழிந்தது.

“அப்படியாயின் எங்கள் வீட்டார் பொய் சொன்னார்களா, ஐயா?” என்று அவர் கேட்டார். அன்று என்றேன். கோப்பிக்காலத்தில் வந்த முன்னோர் ஒருவரின் நினைவு, பின்னர் வீட்டிற்கு வந்த பொருளொன்றைப் பற்றிக்கொண்டது. கத்தியின் வயது தவறாயினும், குடும்பத்தின் நினைவு அதனால் தவறாகிவிடாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்த 1949ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்ட மக்களிடம் பிறப்புக்கும் வதிவுக்கும் சான்று கேட்டபோது, தாள் இல்லாதோர் எத்தனை பேர்! 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் கப்பலேறியோர் பெட்டிகளோடு எத்தனை சிறு பொருள்கள் கடல் கடந்தன! பதிவேடு இல்லாத குடும்பத்துக்கு நினைவும் அந்நினைவைத் தாங்கும் பொருளுமே பதிவேடு. அதனாலேயே இரண்டையும் சோதித்துக் காத்தல் நம் கடமையாகின்றது.

ஆதலின் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய கத்தியைத் தேய்க்கற்க, தீட்டற்க. மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தோய்த்துத் துடைத்தல் போதும். பின்னர் ஒரு தாளில் எத்தோட்டம், எந்தப் பிரிவு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதுக. அவர் கூறுவது பிழையெனத் தோன்றினும் கூறியவாறே எழுதுக. அலகின் குறி ஒரு சாட்சி. பாட்டியின் சொல் மற்றொரு சாட்சி. ஒன்றைக் கொண்டு மற்றதை அழிப்பது வரலாறாகாது. அம்மாணவர் இப்போது தம் பாட்டியார் கூறியவற்றை எழுதத் தொடங்கியுள்ளார். அவர் பென்சிலைக் கூராக்குவது வேறொரு கத்தியால்.