மீஸான் கல்லும் வமிச வரலாறும்

கபரின் தலைமாட்டில் கல் நடும் வழக்கம் எதற்காக ஏற்பட்டது? இவ்வினாவுக்கான விடை மதீனாவின் பகீஉ மையவாடியிலேயே கிடைக்கிறது. முஹாஜிர்களில் அங்கு முதலாவதாக அடக்கம் செய்யப்பட்டவர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள். அவர்களுடைய கபரின் தலைமாட்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனமானதொரு கல்லைத் தாமே தூக்கி வந்து வைத்ததாகவும், தம் சகோதரரின் கபரை அதனால் அறிந்துகொண்டு, தம் குடும்பத்தாரில் மரணிப்போரை அதனருகே அடக்குவதே அதன் நோக்கம் எனக் கூறியதாகவும் அபூதாவூதில் பதிவாகியுள்ள அறிவிப்பு தெரிவிக்கிறது. அடையாளமும் குடும்பமும் ஒருங்கே பேசப்படும் இந்த அறிவிப்பே நம் ஆய்வுக்குத் தொடக்கம்.

கபரின் மீது எழுதுவது வேறு விஷயம். அதற்குத் தடை கூறும் நபிமொழி திர்மிதியில் உண்டு. எனினும் கிழக்கிலும் மேற்கிலும் இமாம்களின் கபர்களில் எழுத்து இருப்பதே நடைமுறை என்று இமாம் ஹாகிம் சுட்டிக்காட்டியுள்ளார். இக்கருத்து வேறுபாட்டின் விளைவை நம் மையவாடிகளிலும் காணலாம். ஒரு கபரில் எழுத்துப் பொறித்த மீஸான் நிற்கும். அடுத்ததில் வெறும் கல் மட்டுமே இருக்கும். எழுத்தில்லாத கல்லைக் கண்டு, அங்கே உறங்குபவர் எளிய குடியினர் என்று முடிவு கட்டலாகாது. பேணுதல் மிக்க ஆலிமின் குடும்பமே எழுத்தைத் தவிர்த்திருக்கக்கூடும்.

முன்னோரைத் தேடுவோருக்கு இக்கற்கள் ஏன் இன்றியமையாதவை என்பதற்குப் புதுச்சேரியின் கிராமப்புறமே சான்று. வில்லியனூர், பாகூர் பகுதிகள் 1749இல் சந்தா சாகிப்பால் பிரெஞ்சுக்காரருக்கு அளிக்கப்பட்டவை. பிறகு போர்களால் பலமுறை கைமாறி, 1816க்குப் பின்னரே அவர்கள் வசம் நிலைத்தன. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த மணப்பட்டு போன்ற கடலோரச் சிற்றூர்கள் பிரெஞ்சு எல்லைக்குள் இருக்க, பக்கத்துக் கடலூர் ஆங்கிலேயரிடம் இருந்தது. இந்த எல்லையோரத்தில் வேர்கொண்ட ஒரு குடும்பத்தின் பிறப்பு பிரெஞ்சு மொழிப் பதிவேட்டிலும், திருமணம் கடலூர்ப் பகுதிப் பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தரிலும் இருக்கக்கூடும். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி மாறி, 1962இல் சட்டப்படி இணைப்பு நிறைவுற்றது. பிரெஞ்சிந்தியப் பழம்பதிவுகள் பலவற்றுக்குப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக்காப்பகத்தை நாட வேண்டியுள்ளது. தாள்கள் இவ்வாறு சிதறிக் கிடக்க, மண்ணிலேயே நின்றுவிட்ட சான்று மீஸான் ஒன்றுதான்.

அதை வாசிக்க ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் பிஸ்மியோ, மரணத்தை நினைவூட்டும் இறைவசனமோ முதலில் வரும். பின்னர் இறந்தவரின் பெயர்; அதைத் தொடர்ந்து ‘இப்னு’ அல்லது ‘பின்த்’ என்ற சொல்லுடன் தந்தையின் பெயர்; சிலவற்றில் பாட்டனார் பெயரும் வரும். அதன்பின் ஊரைக் குறிக்கும் நிஸ்பா. ‘அல்காஹிரீ’ என்றிருந்தால் அதை எகிப்தியக் கெய்ரோ எனக் கொள்வது அவசரம். காயல்பட்டினத்தாரும் அதே நிஸ்பாவால் அறியப்பட்டனர். கீழக்கரையில் அடங்கியிருக்கும் சதகத்துல்லாஹ் அப்பா (1632–1703) அவர்களும் ‘அல்காஹிரீ’ என்றே அறிஞருலகில் குறிக்கப்படுகிறார்கள். காயலில் பிறந்தவர் கீழக்கரையில் அடங்கினார் என்ற வரலாற்றை அந்த ஒரு சொல்லே தாங்கி நிற்கிறது.

பெண்களின் பெயர்களைக் காப்பதிலும் கல்லுக்குப் பங்குண்டு. ஜாவாவின் லேரான் என்ற ஊரில் கிடைத்த ஹிஜ்ரி 475ஆம் (கி.பி. 1082) ஆண்டுக் கல், ஃபாத்திமா பின்த் மைமூன் என்ற பெண்மணியுடையது. அத்தீவின் மிகப் பழைய இஸ்லாமியச் சான்றுகளில் ஒன்று ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கியிருப்பது எண்ணத்தக்கது.

ஆண்டைக் கணிப்பது எளிது. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ கிறித்தவ ஆண்டு கிட்டும். கொழும்பின் காலித் இப்னு அபூ பகாயாவின் கல்லில் ஹிஜ்ரி 337 என வாசித்துள்ளனர், அது கி.பி. 948ஐ ஒட்டியது. இலங்கை முஸ்லிம்களின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்படும் அந்தக் கல், 1787 வாக்கில் டச்சு அதிகாரி ஒருவரின் இல்லத்துக்குப் படிக்கட்டாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் அதைப் பற்றி எழுதி 1827இல் வெளியான குறிப்பே அதை அறிஞருலகுக்கு அறிமுகப்படுத்தியது.

ஆயினும் கல்லை மட்டும் நம்பி வமிசாவளி வரைவது பிழைக்கு இடமளிக்கும். பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் ஒரு தலைமுறை இடைவெளியில் மீண்டும் வரும். ஆண்டைப் பார்த்தே இருவரையும் பிரித்தறிய வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமகன் பெண்வீட்டில் வாழும் மரபு உண்டு. ஆதலால் தந்தைவழி மஹல்லாவோடு நில்லாமல் மனைவிவழி மஹல்லாவின் மையவாடியிலும் தேடவேண்டும். கபர்கள் மறுபடி தோண்டப்படும் இடங்களில் கல் இடம் மாறியிருக்கவும் கூடும்.

இன்னுமொரு மயக்கத்தையும் களைய வேண்டும். குஜராத்தின் கம்பாயத்தில் செதுக்கிய பளிங்குக் கற்கள் கடல் கடந்து சுமத்ராவின் பாசை வரை சென்றன. ஜாவாவின் கிரிசேயில் ஹிஜ்ரி 822இல் (கி.பி. 1419) மறைந்த மாலிக் இப்ராஹீமின் கல்லும் கம்பாய வேலைப்பாடே என்பர். எனவே கல் வந்த ஊரே முன்னோர் வந்த ஊர் ஆகிவிடாது. அரபு எழுத்து இருப்பதாலேயே அரபு வமிசமும் ஆகிவிடாது. அரபகத்து வேர்களைப் பெருமையாகக் கூறும் குடும்பங்கள் நம்மிடையே பல. அக்கூற்று மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் நிஸ்பாவும், தஃப்தரும், பத்திரங்களும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்போதுதான் அது வரலாறாகும்; அதுவரை அது செவிவழிச் செய்தியே.

கடற்காற்றின் உப்பு எழுத்துகளை அரித்து வருகிறது. ஆண்டுதோறும் பூசும் சுண்ணாம்பு எஞ்சியவற்றை மூடுகிறது. பள்ளிவாசல் விரிவாக்கத்தின்போது பழங்கற்கள் அடித்தளத்துக்குள் போய்விடுகின்றன. அமிலமிட்டுத் தேய்ப்பது கல்லைக் கெடுத்துவிடும். காலை அல்லது மாலையின் சாய்வெயிலில் படமெடுத்தாலே எழுத்து துலங்கும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மையவாடியின் கற்களுக்கு எண்ணிட்டு, வாசகத்தைப் படியெடுத்து, அரபும் அரபுத் தமிழும் அறிந்த ஆலிம் ஒருவரைக் கொண்டு ஒரு பதிவேடு எழுதிவைத்தால் போதும். நாகப்பூரிலுள்ள இந்தியத் தொல்லியல் துறையின் அரபு-பாரசீகக் கல்வெட்டுப் பிரிவும் இத்தகைய வாசகங்களை ஆராய்வதற்கென்றே அமைந்தது.

குலப்பெருமை பேசுவதற்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. தம் சகோதரரின் கபரை அறிந்துகொள்வதற்காகவே நபியவர்கள் அக்கல்லை வைத்தார்கள். யாருக்காக துஆச் செய்கிறோம் என்பதைப் பெயர் சொல்லி அறிந்திருப்பது பின்வந்தோரின் கடமை. அப்பெயர்கள் கல்லிலிருந்து உதிர்ந்துபோகுமுன் அவற்றைத் தாளில் ஏற்றிவிட வேண்டும்.