முல்லையும் கொழுகொம்பும்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் கீழ்வகுப்பிலேயே கற்றுவிடுகின்றனர். காட்டுவழியே சென்ற வேள், பற்றிப் படரக் கொம்பின்றி அலைந்த கொடியைக் கண்டு மனமிரங்கித் தன் தேரை அதனருகே விட்டு நடந்து சென்றான் என்பது நாம் அறிந்த வடிவம். ஆயினும் பழைய பாடல்களை நேரே நோக்குமிடத்து, இக்கதைக்கு உயிரான கொழுகொம்பு அங்கே காணப்படவில்லை.

புறநானூற்றின் 200, 201 ஆம் பாடல்களில் கபிலர் இக்கொடையைக் குறிப்பிடுகின்றார். பரிசில் வேண்டி வரும் இரவலரைப் போல முல்லை பாடவில்லை. பாடாதிருந்தும் தேர் பெற்றது என்பதே 200 ஆம் பாடலின் கருத்து. 201 ஆம் பாடல் ஈந்த புகழை மாத்திரம் கூறுகின்றது. சிறுபாணாற்றுப்படையும் சிறிய பூவையும் பெரிய தேரையும் எதிரெதிரே நிறுத்துகின்றதேயன்றிக் கொடியின் தவிப்பைப் பேசவில்லை. எனவே, கொம்பின்றித் தவித்த கொடி பிற்காலத்தார் இட்டு நிரப்பியது எனலாம்.

கபிலரின் இவ்விரு பாடல்களும் எழுந்த சூழலை ஈண்டு மறத்தலாகாது. பாரி மாண்டபின் அவன் மகளிரை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று, மணந்துகொள்ளுமாறு வேண்டிப் பாடியவை அவை. பாடாத கொடிக்கும் கொடுத்தவனின் மக்களுக்காகப் புலவர் ஊரூராகச் சென்று பாட வேண்டியதாயிற்று. பாரியின் செயலை வள்ளலின் பேதைமை என்று மட்டும் கொண்டு நகைப்போர் இச்சூழலைக் கருதுவதில்லை.

இனி, பிற்காலத்தார் நிரப்பியது பயிரியல்புக்கு மாறானதுமன்று. பாகலுக்கு உள்ளதுபோன்ற பற்றுக்கம்பிகள் முல்லைக்கு இல்லை. அது அயலிலுள்ள செடிமீது சாய்ந்தும் சுற்றியுமே மேலெழும். சார்பு இல்லாதவிடத்துத் தன்மீதே கவிழ்ந்து புதராகிவிடும். கதையை விரித்தவர் முல்லையை வளர்த்துப் பார்த்தவராகவே இருத்தல் வேண்டும்.

சங்கச் செய்யுள்களின் முல்லை பெரும்பாலும் காட்டுப் பூவே. தொல்காப்பியம் முல்லைத் திணைக்குக் காரையும் மாலையையும் பொழுதாக வகுத்தது வெறும் மரபன்று. மழை கண்டு தளிர்த்து மாலையில் இதழ் விரியும் கொடியின் இயல்பை அறிந்தோர் வகுத்தது. எனினும் மனைமரத்தில் ஏறிய மௌவலைக் குறுந்தொகை காட்டுவதால், மணக்கொடிகளை வீட்டருகே வளர்க்கும் வழக்கம் அன்றே இருந்தமை புலனாகும். சோழர் காலத்தில் பூக்களின் தேவை பெருகிற்று. கோயில்களுக்கு நாள்தோறும் மாலை வேண்டியிருந்தது. நந்தவனங்களுக்கு நிலம் விட்டதையும், அவற்றைப் பேணுவோர்க்கு வாழ்வூதியம் வகுத்ததையும் அக்காலக் கல்வெட்டுகள் பகர்கின்றன. பூப் பறித்தலும் தொடுத்தலும் தொழிலாயின.

இன்று தமிழகத்தில் விற்பனைக்கு முல்லை பயிரிடுவோர் கொடியைப் படர விடுவதே இல்லை. புதுத் தளிர்களிலேயே பூ வருமாதலின், நீர்பாய்ச்சலைச் சில நாள் நிறுத்திப் பின்னர் ஜனவரி இறுதியில் நிலத்திலிருந்து ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உயரத்தில் கத்தரித்துவிடுகின்றனர். அதன்பின் எருவும் நீரும் இட, தளிரும் அரும்பும் தோன்றும். கார்காலத்தை நோக்கியிருந்த கொடி இப்போது கத்தரிக்கோலை நோக்கியிருக்கின்றது. மாலையில் மலர்வதற்கு முன், விடியற்காலையில் அரும்பாகவே அதனைப் பறிப்பர். தலைவிக்குப் பிரிவை உணர்த்திய மலர்ச்சி பூக்கடைக்கு இழப்பாகும்.

இலையிலும் இளந்தண்டிலும் வெண்கம்பளி போன்ற படலத்தை எழுப்பும் நுண்சிலந்தி முல்லைக்குப் பெரும்பகை. அதனைத் தாங்கி நிற்கும் ஓரினத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் தெரிந்தெடுத்துப் பரப்பினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பாரிமுல்லை! பெயரிட்டவரின் தமிழ்ப்பற்றைப் பாராட்டலாம். ஆயினும் தேரில் ஏறிய கொடியின் பெயரைத் தாங்கிய இனமும் ஆண்டுதோறும் முழங்காலளவில் வெட்டுப்படுகின்றது.

வீட்டுக்கென நடுவோர் இன்னும் பந்தல் இடுகின்றனர். முற்றிய தண்டில் பதியன் போட்டு வேர்விட்டபின் பெயர்த்து, வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கிணற்றடி நீர் தேங்காத மேட்டில் நட்டால் கொடி விரைந்து ஏறும். பந்தலை மூடியபின் பழந்தண்டுகளை ஆண்டுக்கொருமுறை கழித்துவிடல் வேண்டும். இன்றேல் அடி வெறுமையாகிப் பூவெல்லாம் கைக்கெட்டாத உச்சியில் நிற்கும்.