வாவிக்கரையிலிருந்து பொறியியற் பீடத்துக்கு

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் மருமகன் ஒருவன் அண்மையில் என்னிடம் கேட்டான்: "மாமா, கணினிப் பொறியியலுக்குப் போக என்ன வழி?" கலைப்பட்டதாரியான, பத்திரிகை அலுவலகத்தில் தலை நரைத்த என்னிடம் கேட்கவேண்டிய கேள்வியன்று அது. ஆயினும் வாவியின் இக்கரையிலிருந்து பொறியியலாளராகப் புறப்பட்டவர்களின் கதையை யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இலங்கையில் பொறியியற் பீடம் 1950 இல் கொழும்பில் தொடங்கி, அறுபதுகளின் நடுவில் பேராதனைக்குப் போனது. கட்டுபெத்தையில் தொழினுட்பக் கல்லூரி 1966 இல் வந்தது. இரண்டும் மட்டக்களப்பாருக்குத் தூரத்துப் பச்சை. ஆனால் வேலைத்தளங்கள் நம்மைத் தேடி வந்திருந்தன. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. ஐம்பதுகளின் நடுவில் வாழைச்சேனையில் வைக்கோலைக் கூழாக்கும் காகித ஆலை எழுந்தது. அம்பாறையில் ஹார்டி தொழினுட்ப நிறுவனம் பிறந்ததும் அக்காலத்தில்தான். அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல் என்பதால், அந்த நிறுவனம் தொடங்கியபோது அது மட்டக்களப்பு மாவட்டத்து மண்ணிலேயே இருந்தது. இன்று பலர் இதனை மறந்துவிட்டனர். 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட சில நாட்களுக்குள், கல்லோயாக் குடியேற்றங்களில் தமிழர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் அம்பாறைக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்தனர் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து வந்தது தரப்படுத்தல். 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். இந்த அநீதியைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை யாழ்ப்பாணம் பெரும் இழப்பாகப் பார்த்தது. கிழக்கில் அதனை ஒரு திறப்பாகப் பார்த்தவர்களும் இருந்தனர். இதை வெளிப்படையாகச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் ஒதுக்கீடு இடத்தைத்தான் தரும், ஆசிரியரைத் தராது. நான் படித்த படுவான்கரைப் பாடசாலையில் உயர்தரப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் வந்ததேயில்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் கலைப்பிரிவுக்குப் போனோம். அதனை விருப்பம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

பல்கலைக்கழகத்தின் வாசலை எட்டாதவர்களுக்கு வேறொரு வாசல் நகரிலே இருந்தது. அதுதான் கிழக்குத் தொழினுட்ப நிறுவனம். அதன் இயக்குநர் யூஜின் ஹேபெயர் அடிகளார் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தவர். நாற்பதுகளின் இறுதியில் இங்கு வந்த யேசு சபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டப் புகழுக்குக் காரணமாயிருந்தவரும் அவரே. பந்தாட்டப் பயிற்றுநர் என்றே ஊர் அவரை நினைவுகூர்கிறது. கையில் ஒரு தொழிலோடு பையன்களை வெளியே அனுப்பியதுதான் அவரது பெரும்பணி என்பேன்.

1990 ஆகஸ்ட் 15. தமிழ் முஸ்லிம் ஊர்கள் ஒன்றையொன்று எரித்துக்கொண்டிருந்த நாட்கள். வாழைச்சேனையில் அகப்பட்டிருந்தவர்களுக்கு உதவப் போயிருந்த அடிகளார், ஒரு தமிழ்ச் சிறுவனுடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். ஏறாவூர்ப் பக்கத்தில் இருவரும் காணாமற்போயினர். அவருக்கு அப்போது 66 வயது. இன்றுவரை உடலும் இல்லை, விடையும் இல்லை.

மூன்று வாரங்களின் பின், செப்டெம்பர் 5 இல், அகதி முகாமாக மாறியிருந்த வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுசென்றது. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அதே வளாகம். விஞ்ஞானம் படிக்க நம் பிள்ளைகளுக்கென்று கிடைத்த இடம் அது. கொண்டுசெல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை.

தொண்ணூறுகளில் உலகம் கணினியைப் பற்றிப் பேசியது. படுவான்கரையில் மின்சாரம் கிடையாது. டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். நான் கணினியை முதலில் தொட்டது கொழும்பில், ஒரு பத்திரிகை அலுவலகத்தில். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த என் வகுப்பு நண்பன் ஒருவன் நகரத்துப் பட்டறையொன்றில் மோட்டார் சுற்றப் பழகி, மத்திய கிழக்குக்குப் போய், அங்கேயே மாலை வகுப்பில் டிப்ளோமா எடுத்தான். பிற்பாடு குளிரூட்டித் தொகுதிகளின் மேற்பார்வையாளரானான். எங்கள் பன்னிரண்டு பேரில் பொறியியலுக்கு மிக அருகே போனவன் அவனே.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2012 இல் தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் கிளிநொச்சியில் 2014 இல் தொடங்கியது. அதே 2014 இல் மண்முனைத் துறையில் பாலம் திறக்கப்பட்டு, படுவான்கரையார் ஓடத்துக்குக் காத்திருந்த காலமும் முடிந்தது.

இவற்றையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பின்னர், உன் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிப்பது யார் என்று கேட்டேன்.

"இப்ப ஒருத்தரும் இல்ல மாமா. சனிக்கிழமைகளில பாலத்தால டவுனுக்கு ரியூசனுக்குப் போறன்" என்றான்.