தொலைநிலைக் கல்வியில் மூலிகை மருத்துவம்: சேருமுன் அறிய வேண்டியவை

நீண்டகால நோயாளியை வீட்டில் பராமரிப்போர் பலர், மூலிகை மருத்துவத்தை அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ கற்க விரும்புகின்றனர். கட்டணம் செலுத்துமுன் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்: இத்தகைய சான்றிதழ், இந்தியாவில் பிறருக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமையைத் தராது. சித்த மருத்துவராகப் பதிவு பெற, நீட் தேர்வு வழியாகச் சேர்ந்து, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி உட்பட 5½ ஆண்டு பி.எஸ்.எம்.எஸ். பட்டப்படிப்பைக் கல்லூரியில் நேரடியாகப் பயில வேண்டும். தொலைநிலையில் படித்தே மருத்துவராகலாம் என்னும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

அறிவுக்காகக் கற்பதில் தடையில்லை. ஆயினும் கீழாநெல்லியை, அதனை ஒத்த பிற செடிகளிலிருந்து படத்தை மட்டும் பார்த்துப் பிரித்தறிவது கடினம். காய்கள் காம்பின் அடிப்புறத்தில் வரிசையாக உள்ளனவா எனச் செடியைக் கையில் எடுத்துப் பார்த்தே பழக வேண்டும். ஆகவே மூலிகைத் தோட்டத்தில் நேரடிப் பயிற்சி உண்டா, கற்பிப்பவர் பதிவு பெற்ற மருத்துவரா எனக் கேளுங்கள்.

பக்கவிளைவுகளையும் பிற மருந்துகளுடன் ஏற்படும் எதிர்வினைகளையும் கற்பிக்காத பாடத்திட்டம் பராமரிப்பாளருக்குப் பயன்படாது. இருமலுக்கு நாம் தயக்கமின்றிக் கொடுக்கும் அதிமதுரம்கூட, தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியம் அளவைக் குறைக்கக்கூடும். சில வகைச் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகளை உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து கூடுதல். கற்ற மூலிகை எதனையும் நோயாளிக்குக் கொடுக்குமுன், அவருடைய மருத்துவரிடம் தெரிவியுங்கள். வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.