நூற்பெயரும் படிப்போர் வேட்கையும்

நூற்குப் பெயர் வருமாற்றைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள் வகுத்துரைத்துள்ளார். நூலாசிரியன், அளவு, பொருள், செய்வித்தோன், இடுகுறி முதலாக அவர் கொண்ட காரணங்கள் எட்டு. கருத்தனால் வந்தது அகத்தியம், அளவால் வந்தது பன்னிரு படலம் என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். இவற்றுள் ஒன்றேனும் படிப்போனை நோக்கியதன்று. நன்னூல் என்னும் பெயரே படிப்போனைச் சிறிது அழைக்கின்றதே எனின், அதனைத் தன்மையால் வந்த பெயர் என்று உரைகாரர் அடக்கிவிடுவர்.

ஏட்டுச்சுவடிக் காலத்து மாணாக்கன் ஆசிரியன் கற்பித்த நூலையே பெரும்பாலும் கற்றான். பெயர் கண்டு நூலைத் தேரும் நிலை அவனுக்கு அரிது. அச்சு நூலும் மாத இதழும் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ, நூலாசிரியனை முன்பின் அறியாத ஒருவன் பொருள் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அவனை ஈர்க்கும் பொறுப்பு நூற்பெயர்மேல் விழுந்தது.

பி. ஆர். ராஜமையர் விவேக சிந்தாமணியில் 1893 முதல் 1895 வரை எழுதிய புதினத்தை இதற்குச் சிறந்த சான்றாகக் கொள்கிறோம். ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பது அதன் முழுப்பெயர். ‘அல்லது’ என இருபெயர் இணைக்கும் வழக்கு ஆங்கிலப் புதினத்தினின்று வந்தது. ஆயினும் ரிச்சர்ட்சன் 1740இல் தம் தலைவி பமேலாவின் பெயரை முன்வைத்து, அறம் பெற்ற பரிசைப் பின்வைத்தார். ராஜமையரோ பழியை முன்னும் தலைவியைப் பின்னும் நிறுத்தினார். எவர்மேற் பழி, எவர்க்கு ஆபத்து என்பன முற்பகுதியில் மறைக்கப்பட்டுள்ளன. அகர ஆகார மோனை செவியையும் பற்றுகின்றது. இதனை வெறும் வணிகத் தந்திரம் எனத் தள்ளுதல் பொருந்தாது. கமலாம்பாள்மேல் எழுந்த பொய்ப்பழி கதையின் திருப்பத்திற்கே காரணமாகின்றது. பெயர் தூண்டிய வேட்கையை நூல் நிறைவு செய்கின்றது.

பண்டித நடேச சாஸ்திரியார் 1894இல் வெளியிட்ட துப்பறியும் கதை நூலின் பெயர், தானவன் என்ற போலீஸ் நிபுணன் ‘கண்டுபிடித்த அற்புதக் குற்றங்களை’ வெளிப்படையாகவே விளம்பரப்படுத்துகின்றது. குற்றத்திற்கு ‘அற்புதம்’ அடையாயிற்று!

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஒரு நாவல் கும்பகோணம் வக்கீல், திகம்பர சாமியார் என்னும் இருபெயர்களாலும் அறியப்படும். வழக்குமன்றத்தார் ஒருவரும் ஆடை துறந்தார் ஒருவரும் ஒரு கதைக்குள் வந்த காரணம் யாது என்று வினவாதார் அரியர். ராஜமையர் நூலில் ஈர்ப்புடைய முற்பகுதி வழக்கொழிய, கமலாம்பாள் சரித்திரம் என்னும் எளிய பெயரே நிலைத்தது. வடுவூரார் கதையை 1950இல் திரைப்படமாக்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தாரோ வக்கீலை விடுத்துச் சாமியாரையே தலைப்பாகக் கொண்டனர்.